மேழியும் மன்றமும்: பெண்ணை, கெடில நாட்டு ஊராட்சியில் நிலப்பேணல்

தமிழகத்துப் பண்டை ஊராட்சியைப் பற்றி எழுதப்புகுந்தோர் பலரும் குடவோலை முறையைப் பெரிதும் வியந்து பேசுவர். ஓலையிற் பெயர் பொறித்துக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது இன்னதென்றறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்து, நடுவர் தம் ஐந்து விரலும் விரித்த கையில் அதனை ஏற்று, அவையினர் கேட்க வாசித்த செய்தி இக்காலப் பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. ஆயின், அங்ஙனம் தெரிந்தெடுக்கப்பெற்றோர் ஆற்றிய பணி யாது என்னும் வினாவிற்கு அத்துணைக் கவனம் செலுத்தப்பெற்றிலது. தேர்தல் முறை கண்டு மகிழ்ந்த நாம், தேர்தலின் பயன் கண்டிலேம். பயனை நோக்கியவழி, அம்முறை நாம் இதுகாறும் கருதிவந்ததினும் வேறுபட்ட ஒரு தோற்றம் தருகின்றது. அதனைக் காட்டுதலும், அவ்வொளியில் பெண்ணை, கெடிலம் என்னும் ஈராற்றிடைப்பட்ட நிலப்பகுதியின் வரலாற்றைச் சிறிது நோக்குதலும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் இரண்டும் முதற் பராந்தக சோழனுடைய 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றவை. பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் 1932-இல் வெளியிட்ட சோழர் வரலாற்று ஆய்வுநூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பெற்றிருந்தது. குடும்பிற்கு ஒருவராக முப்பதின்மர் தெரிந்தெடுக்கப்பெற்றனர். இவருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்தாராகவும், பன்னிருவர் தோட்ட வாரியத்தாராகவும், எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்தாராகவும் அமைந்தனர். பஞ்சவார வாரியமும் பொன் வாரியமும் தனியே தெரியப்பெற்றன. முந்நூற்றறுபது நாள் நிரம்பியவுடன் வாரியப் பெருமக்கள் பதவியினின்று நீங்கினர். இவை பலரும் அறிந்தனவே.

ஆயின் சம்வத்சர வாரியத்திற்கு யாரைக் கொள்ளவேண்டும் என்று கல்வெட்டு வகுக்குமிடம் ஊன்றி நோக்கற்பாலது. முப்பதின்மருள், முன்னரே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்து பணிசெய்தோரையும், கல்வியாலும் ஆண்டாலும் முதிர்ந்தோரையும் அவ்வாரியத்திற்கு எடுத்துக்கொள்க என்பது அதன் கருத்து. சம்வத்சர வாரியமோ ஊர்க் காரியங்கள் அனைத்தையும் மேற்பார்க்கும் தலைமையிடம். தோட்டத்தையும் ஏரியையும் ஓராண்டு பேணிப் பழகியவர்க்கு ஊரின் பொதுத் தலைமைக்குரிய வாயில் திறந்திருந்தது. வேளாண்மை ஊராட்சியின் பல துறைகளுள் ஒன்றாக மட்டும் நின்றிலது. ஆட்சி பயிலும் பள்ளியாகவும் அது விளங்கிற்று. ஓலை எழுதப்பெற்ற முப்பதின்மருள் பதினெண்மர், ஐந்தில் மூவர், மண்ணையும் நீரையும் பேணவே அமர்த்தப்பெற்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

'வாரியம்' என்னும் அச்சொல் இன்றும் வழங்குகின்றது. மின்சார வாரியம், குடிநீர் வடிகால் வாரியம் என்பன போல்வனவற்றுள் அது சம்பளம் பெறும் அலுவலர் நிறைந்த ஒரு பேரலுவலகத்தைக் குறிக்கும். பத்தாம் நூற்றாண்டில் அது அண்டை வீட்டார் சிலர் ஓராண்டளவும் தாங்கிய பொறுப்பைக் குறித்தது. சொல் ஒன்றே, அதனுள் இருந்த மக்கள்தாம் மாறிவிட்டனர்.

அவ்வேரி வாரியத்தார் பேணிய ஏரி எது? பல்லவ மன்னனாகிய தந்திவர்மன் காலத்து எழுந்த வைரமேகத் தடாகமே அது. ஏரிக்கெனப் பொன்னும் நெல்லும் வழங்கி, அவற்றின் பலிசையைக்கொண்டு ஆண்டுதோறும் தூர் எடுத்துக் கரையில் இடுமாறு செய்த அறங்கள் தொண்டை நாட்டுக் கல்வெட்டுக்களில் பலவாகக் காணக்கிடக்கின்றன. ஏரியில் ஓடம் விட்டு வண்டல் அள்ளியதும் உண்டு. முதல் அழியாது நிற்க, வட்டி ஆண்டாண்டும் ஏரிக்குட் புகுந்து வண்டலாக வெளிப்போதும். அவ்வண்டல் கரையை உயர்த்தும், வயலையும் ஊட்டும். ஏரிப்பட்டி என்றும் குளப்பட்டி என்றும் நிலம் ஒதுக்கி, அதன் விளைவைப் பழுதுபார்ப்பிற்கு ஆக்கினர். ஏரியின் மீன் வருவாயையும் அவ்வேரிக்கே செலவிட்டனர். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிற்கு ஊர்களை அளித்தபோது, ஊர்நத்தம், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றை இறை கொள்ளும் நிலத்தினின்று நீக்கியே கணக்கிட்டனன். பொதுவாயிருந்த நிலத்தை அரசன் இறைக்கணக்கிற்கு அப்பாற்பட்டதாகவே கொண்டனன் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடத்து இலக்கியத்தையும் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டிற் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலத்தையும் நீரையும் ஒன்றுகூட்டுமாறு அறிவுறுத்துகின்றார். முப்பத்தைந்தாம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனைப் பாடி, தம் நிலத்தின் பழங்கடனை நீக்கிக்கொள்கின்றார். இரண்டும் வேந்தனை நோக்கிக் கூறியவை. மண்ணைப் பற்றிய அறிவுரை புலவன் வாயிலாக அரசன் செவிக்கு ஏறுகின்றது. கல்வெட்டுக் காலத்திலோ ஊரார் தம்முட்டாமே ஒப்பி, தம் பெயராலேயே கல்லில் வெட்டிவைக்கின்றனர். புறப்பாட்டிற்கும் கல்வெட்டிற்கும் இடையே நிகழ்ந்த இம்மாறுதல், தமிழ்ச் சமுதாய வரலாற்றிலே பெரியதொரு திருப்பம் என்பது எம் துணிபு. வள்ளுவர் குடிசெயல்வகையை அடுத்து உழவை வைத்த வைப்புமுறையும் ஈண்டு நினைக்கத்தகும். குடியை உயர்த்துந் தொழில் இன்னதெனக் கூறி முடித்தவர், உடனே மண்ணைப் புழுதிபட உணக்குதல், எருவிடுதல், களையெடுத்தல், பயிர்காத்தல் ஆகியவற்றிற்குச் செல்கின்றார்.

இனி, ஒரு தடை எழும். உத்தரமேரூர் பிரமதேயம், அதன் சபை மறையவர் சபை, அதன் விதிகளை நடுநாட்டு வேளாண் ஊர்களுக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்துமோ எனின், பொருந்தாது. வேளாண் வகை ஊர்களில் 'ஊர்' என்னும் அவையும், ஊர்கள் பல சேர்ந்த 'நாடு' என்னும் அவையுமே இருந்தன. அவற்றின் உள்ளமைப்பைக் கூறும் விதிகள் உத்தரமேரூரிற்போல விரிவாகக் கல்லிற் பொறிக்கப்பெற்றில. ஆதலின் அவர்தம் செயலைக்கொண்டே அவர்தம் கருத்தை உய்த்துணர வேண்டியிருக்கின்றது. அச்செயல் மிகத் தெளிவாகப் புலப்படும் நிலப்பகுதி நடுநாடாதல் நம் நல்லூழே.

நடுநாடு என்பது திருமுனைப்பாடி நாட்டையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் கொண்டது. அப்பரும் சுந்தரரும் தோன்றிய நாடு. பெண்ணை அதன் வடபாற் செல்ல, கெடிலம் திருவதிகை வழியே ஓடித் திருவயிந்திரபுரத்தைச் சுற்றிக் கடலூர்க்கண் கடலொடு கலக்கின்றது. இவ்வீராற்றிற்கும் நடுவே கடலூர் பண்ணுருட்டிச் சாலையில் அமைந்தது நெல்லிக்குப்பம். ஆற்று வண்டல் படிந்த அந்நிலம் கரும்பிற்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் பேர்பெற்றது. கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் அதியமானின் முன்னோர் எனப் புறநானூற்றில் ஔவையார் கூறுவார். அதிகை என்னும் ஊர்ப்பெயரையும் அதியர் என்னும் குடிப்பெயரையும் இணைத்து உரைப்பாரும் உளர். ஒலியொப்புமை ஒன்றே பற்றி அங்ஙனம் முடிவுகட்டுதல் எமக்கு உடன்பாடன்று.

இந்நாட்டின் மேல்பாலுள்ள திருக்கோவலூரிலேதான், 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சித்திரமேழிப் பெரியநாடு என்னும் பேரவை கல்வெட்டில் தோன்றுகின்றது. மேழி என்பது கலப்பை. சித்திரமேழி அழகிய கலப்பை. எழுபத்தொன்பது நாட்டார் ஒருங்குகூடிய அவை இது. வணிகர்க்கு ஐந்நூற்றுவர் என்னும் பெருங்குழு இருந்தவாறே உழவர்க்கும் ஒரு பெருங்குழு இருந்தது என்பதனை இக்கல்வெட்டுக்களே அறிவிக்கின்றன. பின்னர் 13-ஆம் நூற்றாண்டிற் பிரான்மலையில் இவ்விரு குழுவினரும் ஒருங்கு நின்று கோயிலுக்கு அறம் செய்தமையும் காண்கின்றோம்.

இப்பேரவையினர் தமக்கென மெய்க்கீர்த்தி ஒன்று அமைத்துக்கொண்டனர். வேந்தர் மெய்க்கீர்த்திகள் வென்ற நாடுகளையும் கொன்ற பகைவரையும் அடுக்கிச் செல்வன. உழவர் மெய்க்கீர்த்தியோ அவர்களைப் பூமிதேவியின் மக்கள் என்கின்றது. நான்கு வருணத்தும் பிறந்தோர் என்கின்றது. மேழியையே தெய்வமாகக் கொண்டதாகவும், தமிழும் வடகலையும் ஓர்ந்துணர்ந்ததாகவும் பேசுகின்றது. இதனை வெற்றுத் தற்புகழ்ச்சி எனத் தள்ளிவிடுவாரும் உண்டு. தற்புகழ்ச்சியே எனினும், ஒருவர் தம்மை எதனாற் புகழ்ந்துகொள்ள விழைகின்றார் என்பது வரலாற்றாசிரியனுக்குச் சிறந்த சான்றன்றோ? வாளாற் பெற்ற புகழை வேண்டாது மண்ணின் மகவென்னும் புகழை வேண்டிய குழுவினர் சோழப் பேரரசின் நடுவிலேயே இருந்தனர். மண் தாய், அவையினர் அத்தாயின் மக்கள் என்றமையால், அவையிற் கூடும் உரிமையும் மண்ணைப் பேணும் கடனும் ஓருறவின் இரு பக்கங்களாகவே அவர்க்குத் தோன்றியிருத்தல் வேண்டும்.

அவர்கள் கோயிற்கு அறம் வகுத்த முறையும் ஆராயத்தக்கது. தம்முள் ஏர் ஒன்றுக்கு இவ்வளவு நெல், ஆள் ஒன்றுக்கு இவ்வளவு நெல் என விதித்துக்கொண்டனர். அரசிறை வேலியாலும் குழியாலும் நிலத்தின் தரத்தாலும் கணக்கிடப்பெறுவது. உழவர் பேரவையோ ஏரை எண்ணுகின்றது. வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் அது சிறிதன்று. நிலத்தை எண்ணுவோன் உடைமையை எண்ணுகின்றான். ஏரை எண்ணுவோன் உழைப்பை எண்ணுகின்றான். ஏர் பூட்டுதலே பேரவையின் கடமையில் ஒருவனைச் சேர்த்தது. முதுகலை வகுப்பில் இப்பகுதியைப் பாடஞ்சொல்லும்போது, 'ஏர் இருந்தோர் அனைவரும் அவையில் இருந்தனரோ?' என மாணவர் வினவுவதுண்டு. நல்ல வினாவே அது. விடை மகிழ்ச்சி தருவதன்று.

ஏர் பிடித்த கை வேறு, ஏருக்கு உரிய பெயர் வேறு. நாட்டார் என்போர் காணியுடைய வேளாளரும் அவரைச் சார்ந்தோருமே. நான்கு வருணத்தும் பிறந்தோர் என்னும் மெய்க்கீர்த்திக்குள் சேரியில் வாழ்ந்து சேற்றில் இறங்கிய உழவுத் தொழிலாளிக்கு இடமில்லை. உத்தரமேரூரிலும் இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேற்பட உடையார்க்கே ஓலை எழுதப்பெற்றது. வேதமொன்றும் பாடியமொன்றும் வல்லார்க்கு அரைக்கால் வேலி போதும் எனத் தளர்த்தினர். கல்வி நிலத்தின் குறையை ஈடுசெய்தது; உழைப்பு ஈடுசெய்தற்கு விதி வகுத்திலர். மகளிர்க்கும் இடமில்லை. ஏரிக்கரைக்கு மண் சுமந்த வெட்டியாள் எவன் பெயரும் வாரியத்தில் ஏறவில்லை. பண்டை ஊராட்சியைப் பொற்காலமெனப் பாடுவோர் இப்பக்கத்தைப் புரட்டாமலே செல்வர். அவ்வவையின் சிறப்பை மறைத்தல் எம் நோக்கமன்று. மண்ணைப் பேணும் கடனும் மண்ணைப் பற்றி முடிவுசெய்யும் உரிமையும் ஒருவரிடத்தே இருந்தாலன்றி அச்சிறப்பு நிரம்பாது என்பதே யாம் கூறவருவது. மற்றொன்றும் சொல்லவேண்டும். கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியம் ஏறலாகாது என விதித்த கண்டிப்பு இக்காலத்து உள்ளாட்சிச் சட்டம் எதிலும் அத்துணை நெடுந்தொலைவு சென்றதில்லை.

உரிமையும் கடனும் பிரிந்தபோது நேர்வது யாது என்பதற்கு இந்நாட்டின் மேற்பகுதியே சான்று தருகின்றது. விசயநகர ஆட்சியின் கீழ் இரண்டாம் தேவராயன் காலத்தில், கி.பி. 1429-இல், விருத்தாசலம், எலவானாசூர், ஆடுதுறை, கொறுக்கை முதலிய ஊர்களில் வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றுகூடி வெட்டிவைத்த கல்வெட்டுக்கள் உள. வலங்கைக்கும் இடங்கைக்கும் தீராப் பகை என்பது பின்னாளைய வழக்கு. அவ்விருவரும் அவ்வாண்டில் ஒரு பந்தலின் கீழ் நின்றனர் என்பதே படிப்போரை நிறுத்தி எண்ணச்செய்யும் செய்தி. அரச அலுவலரும், சீவிதம் பெற்றோரும், அவர்களோடு சேர்ந்துகொண்ட பிராமண வேளாளக் காணியாளரும் விளைவிற்கு ஒவ்வாத வரிகளைத் தண்டியமையால், குடிகள் ஊரைவிட்டு ஓடும் நிலையை எய்தினர். கூடிய மக்கள், அலுவலர்க்கு உதவி செய்வதில்லையென்றும் அவர்க்குக் கணக்கெழுதுவதில்லையென்றும் உறுதிபூண்டனர். அம்மட்டில் நின்றாரல்லர். நெல், கரும்பு, வெற்றிலை, வாழை என ஒவ்வொரு பயிருக்கும் ஏற்ற வரி இன்னதெனத் தாமே வரையறுத்துக் கல்லில் பொறித்தனர். சப்பானியப் பேராசிரியர் நொபொரு கரசிமாவும் பேராசிரியர் எ. சுப்பராயலுவும் இக்கல்வெட்டுக்களை ஆராய்ந்து இவற்றின் அருமையை உலகறியச் செய்தனர்.

இவ்வெழுச்சியை வரிமறுப்பு என்று மட்டும் கூறுவது போதாது. எப்பயிர் எவ்வளவு தாங்கும் என்பது மண்ணை அறிந்தோனுக்கே தெரியும். புன்செய்க்கும் நன்செய்க்கும், கொடிக்காலுக்கும் கரும்பிற்கும் வேறுவேறு அளவு வைத்த அக்கல்வெட்டு, ஒருவகையில் அந்நிலத்து மண்ணின் ஆற்றலைப் பற்றிய பட்டியலே ஆகும். இதனைச் செய்தோருட் கைவினைஞரும் உழுகுடிகளும் இருந்தனர். காணியாளரோ எதிர்ப்பக்கத்தில் நின்றனர். சித்திரமேழியாருடைய பேரவைக்கும் இக்கூட்டத்திற்கும் இடைப்பட்ட முந்நூற்றைம்பது ஆண்டுகளுள் 'நாடு' என்னும் சொல்லுக்குள் நுழைந்தோர் யாவர், வெளியேறினோர் யாவர் என்பது இவற்றை ஒப்பிடின் விளங்கும். ஊரை விட்டு ஓடுதல் என்பது பழந்தமிழ்க் குடியானவனின் கடைசிப் படைக்கலம். அவன் ஓடினால் மண் தரிசாகும். தரிசாயின் அரசன் கருவூலமும் தரிசே. அவ்வச்சமே குடிகளுக்கு வலிமையாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற்கு வருவோம். 1801-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த தென்னார்க்காட்டில் இரயத்துவாரி முறை ஊன்றப்பெற்றது. அரசு ஒவ்வோர் உழவனோடும் தனித்தனியே கணக்கு வைத்துக்கொண்டது. இடையே ஊர் என ஒன்று இருந்த நிலை கணக்கேட்டில் மறைந்தது. ஆயின் ஏரிக்கு ஊர் வேண்டியிருந்தது. வாய்க்கால் தூர்வாரவும் கரை அடைக்கவும் தனித்தனி உழவனால் இயலாது. ஆகவே 1858-இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டத்தை இயற்றிற்று. வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்து வேலைக்கு வாராதவனிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு தண்டம் கொள்ளலாம் என்றது அச்சட்டம். முன்பு அவை முடிவுசெய்தது, அவையினரே செய்வித்தனர். இப்போது முடிவு தாசில்தார் கச்சேரியில். வேலை மட்டும் ஊரில். குடிமராமத்து என்னும் தொடரில் குடி எஞ்சியது, அக்குடியின் மன்றம் எஞ்சவில்லை. குடிமராமத்தைப் பண்டுதொட்டு மாறாது வந்த மரபெனக் கொள்வாரை மறுத்து, அதன் பெரும்பகுதி ஆங்கில ஆட்சியார் தம் நோக்கத்திற்கேற்ப வடித்துக்கொண்ட கருத்தே என டேவிட் மோசு என்பார் இராமநாதபுரப் பகுதி ஏரிகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டுள்ளார். அவர் கூற்று முழுவதையும் யாம் ஏற்றுக்கொள்ளவில்லை. கல்வெட்டுச் சான்றுகளுக்கு அவர் தந்த இடம் குறைவே. எனினும், உழைப்பு கட்டாயமாயும் முடிவு பிறர்வயமாயும் இருந்த நிலையை மரபு என்று கொண்டாடலாகாது என்னும் அளவில் அவர் எச்சரிக்கை கொள்ளத்தக்கது.

அச்சட்டம் பிறந்து ஒன்பதாம் ஆண்டில், அதே தென்னார்க்காட்டில், வேறொன்று நிகழ்ந்தது. 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் இராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய நிலம், ஏறத்தாழ எண்பது காணி, பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. ஊர் மக்கள் ஒன்றுகூடிப் பொதுநிலம் உணவிற்கென ஒதுக்கிய பழைய வழக்கம், கச்சேரியின் வழியாக வாராது, அடிகள் ஒருவரின் வழியாக வந்து நின்றமை காண்க. இதனை ஊராட்சி வரலாற்றிற் சேர்த்து எழுதுவார் இலர். சமய வரலாற்றில் மட்டுமே எழுதுகின்றனர். இரண்டிலும் எழுதவேண்டும்.

நெல்லிக்குப்பத்தில் அந்நூற்றாண்டு வேறு விதமாக நுழைந்தது. 1842-இல் அங்குச் சருக்கரை ஆலை எழுந்தது. இந்தியாவில் தோன்றிய முதல் ஆலைகளுள் ஒன்றாக அது எண்ணப்பெறுகின்றது. அதனால் ஊர் பெருகிற்று, வேலைவாய்ப்பு வளர்ந்தது, சுற்றிலும் கரும்புப் பரப்பு விரிந்தது. ஆலை நிலத்தில் உழவன் எப்போது நடவேண்டும், எப்போது வெட்டவேண்டும் என்பனவற்றை ஆலையோடு அவன் தனித்தனியே செய்துகொள்ளும் பதிவே வகுக்கும். இது ஆலைத்தொழிலின் இயல்பு. வெட்டிய கரும்பு நாள்பட்டால் சாறு கெடும்; ஆகவே ஆயிரம் வயல்களின் வெட்டு ஒரே அரவைக்கு ஒழுங்குபட்டு வரவேண்டும். ஆயின் பயிர்முறையைப் பற்றி ஊரார் கூடிப் பேசும் தேவை இதனாற் குறைந்தது என்பதும் உண்மையே. வெற்றிலைக் கொடிக்காலோ இதற்கு மாறானது. சிறு பரப்பு, நாள்தோறும் நீர், அகத்தி நிழல், தழையும் எருவும் இடையறாது இடவேண்டிய மண். கொடிக்காற்காரர் ஒருவர் நீரை மற்றொருவர் நம்பி வாழ்வது பெரும்பான்மை. அதனாலேயே அங்கே கூடிப்பேசும் வழக்கம் நெடுங்காலம் தங்கியிருத்தல் கூடும்.

விடுதலைக்குப் பின்வந்த செய்திகளை விரித்துரைத்தல் வேண்டா. 1992-இல் நிறைவேறிய அரசமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்பிரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 74-ஆம் திருத்தம் சூன் 1-ஆம் நாள் வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பெற்றது. ஆண்டிற்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் 2022 முதல் ஆறாயின. உலக நீர் நாளாகிய மார்ச்சு 22-உம் அவற்றுள் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை உழவரே மேலாண்மை செய்வதற்கான சட்டம் வந்தது. அது பாசனப் பரப்பில் நிலமுடையாரையே உறுப்பினராகக் கொண்டது. ஓராயிரம் ஆண்டு கழிந்தும் கால் வேலி விதி நம்மை விட்டு நீங்கிற்றிலது! 2017-இல் குடிமராமத்து என்னும் பெயராலேயே அரசுத் திட்டம் ஒன்று தொடங்கிற்று. அதன் செலவிற் பத்தில் ஒரு பங்கைப் பயன்பெறுவோர் உழைப்பாகவோ பொருளாகவோ தரவேண்டும் என்பது விதி. அவ்வாண்டிலேயே ஏரி குளங்களின் வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும் இசைவு அளிக்கப்பெற்றது. வைரமேகத் தடாகத்து வண்டல் வட்டிப் பொன்னால் வெளிவந்தது. இன்றைய வண்டல் அரசாணையால் வெளிவருகின்றது.

இச்சட்டங்களை ஒப்பிட்டு நோக்கியபோது எமக்குப் புலப்பட்ட ஒன்றை மட்டும் ஈண்டுக் கூறுவேம். ஊராட்சிகளுக்குரிய பதினோராம் அட்டவணையில் இருபத்தொன்பது துறைகள் உள. அவற்றுள் முதலாவது வேளாண்மை; இரண்டாவது நில மேம்பாடும் மண் காப்பும்; மூன்றாவது சிறு பாசனமும் நீர் மேலாண்மையும். தோட்ட வாரியத்தையும் ஏரி வாரியத்தையும் நன்கறிந்தோர் வகுத்த வரிசை போலவே அது தோன்றும். நகராட்சிகளுக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையில் பதினெட்டுத் துறைகள் உள. அவற்றுள் சாலையும் பாலமும் உள. பூங்காவும் விளையாட்டிடமும் உள. கால்நடைப் பட்டியும் உண்டு. உழவு இல்லை. மண் காப்பு இல்லை. பாசனம் இல்லை.

நெல்லிக்குப்பம் நகராட்சி. அதன் எல்லையை ஒட்டியும் உள்ளும் கரும்பும் நெல்லும் கொடிக்காலும் நிற்கின்றன. சாலையின் ஒருபுறத்து வயலுக்கு உரியவன் ஊராட்சியின் கிராம சபையில் எழுந்து வாய்க்காலைப் பற்றிப் பேசலாம்; அது அவ்வவையின் முதன்மையான துறை. மறுபுறத்து வயலுக்கு உரியவன் நகராட்சியின் பகுதி சபையில் எழுந்தால், அவன் பேசவேண்டியது குழாய் நீரும் தெருவிளக்கும் குப்பையும். வாய்க்கால் ஒன்றே, அதனைப் பற்றிப் பேசும் மன்றம் ஒருவற்கு உண்டு, ஒருவற்கு இல்லை. பெண்ணைக்கும் கெடிலத்திற்கும் நடுவே நகர்கள் வளருந்தோறும், மண்ணைப் பற்றிப் பேசும் உரிமையுடைய குடிகளின் எண்ணிக்கை சட்டத்தின் வரையறையாலேயே சுருங்கிக்கொண்டு வருகின்றது. இதனை எவரும் திட்டமிட்டுச் செய்தாரல்லர். நகரென்றால் உழவன்று என எண்ணும் பழக்கம், நகரும் உழவும் ஒன்றாய்க் கிடக்கும் ஊர்களை மறந்து அட்டவணை வரைந்துவிட்டது. சோழர் காலத்து நகரம் எனப்பெற்ற வணிக ஊர்களுக்கும் நிலமும் வாய்க்காலும் இருந்தன. நகரத்தார் அவற்றைத் தம் அவையிலேயே ஆய்ந்து முடிவுசெய்தனர்.

ஒரு சிறு வாயில் மட்டும் திறந்துள்ளது. பன்னிரண்டாம் அட்டவணையின் ஆறாம் துறை பொதுநலமும் குப்பை மேலாண்மையும் ஆகும். நகராட்சிகள் இக்காலத்து மக்கும் குப்பையைப் பிரித்து எருவாக்குகின்றன. வீட்டுக் காய்கறிக் கழிவு எருவாகி வயலுக்குப் போகும் அந்த ஒரு வழியில் நகராட்சி மண்ணைத் தொடுகின்றது. அவ்வெரு எவ்வயலுக்குச் செல்லவேண்டும், என்ன விலைக்கு, அதனைப் பிரித்தெடுக்கும் தூய்மைப் பணியாளர்க்கு அதில் என்ன பங்கு என்பனவற்றை முடிவுசெய்யும் இடத்தில் கொடிக்காற்காரனும் அப்பணியாளரும் அமர்ந்திருக்கின்றனரா என்பதே இன்று அவ்வூரில் கேட்கவேண்டிய வினா. திருக்கோவலூர்க் கல்வெட்டு ஏரை எண்ணிற்று. உத்தரமேரூர்க் கல்வெட்டு வேலியை எண்ணிற்று. 1429-ஆம் ஆண்டுக் கல்வெட்டு பயிரை எண்ணிற்று. நகராட்சி எருவை எடையிட்டு எழுதிவைக்கும் பதிவேட்டை வருங்கால ஆய்வாளர் ஒருவர் கையிலெடுப்பின், அதன் ஓரத்திலே எவர் கையொப்பம் காண்பாரோ?